பச்சை விளக்கு எரிந்தும் நிறையாத பேட்டரி

மின்கம்பி எட்டாத ஒரு வீடு. கூரையில் ஏறக்குறைய 1 கிலோவாட் சோலார் பேனல், பேனலின் அதிகபட்ச பவரை இழுத்துப் பேட்டரிக்கு ஏற்றும் ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர், 24 வோல்ட் பேட்டரி செட், தனியாக ஒரு இன்வர்ட்டர். வெயில் கைவிடும் நாட்களுக்கு 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரும், அதன் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்ற 30 ஆம்பியர் சார்ஜரும் உண்டு. பேட்டரி என்பது தண்ணீர் ஊற்றும் வகை லெட் ஆசிட், ஆழமாக இறக்கி ஏற்றுவதற்கென்றே செய்தது: 6 வோல்ட், 400 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி நான்கு, தொடரில். ஒரு செல் 2 வோல்ட் என்றால் மொத்தம் 12 செல். இந்த 12 என்ற எண் கணக்கில் திரும்பத் திரும்ப வரும்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பின்னிரவில் இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் புகார். வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் நாலைந்து மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டுகிறார். சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகுதான் அணைக்கிறார். "புல்லுன்னு காட்டுது சார், ஆனா விடியறதுக்குள்ள செத்துடுது. பேட்டரி போயிடுச்சா?" என்றார். பேட்டரி அவ்வளவு பழசு இல்லை. கோடையில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. அதனால் பேட்டரியைக் குற்றம் சொல்லுவதற்கு முன்னால், அதற்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதுதான் முறை.

பச்சை விளக்குக்கு நான் பெரிதாக மதிப்புக் கொடுப்பதில்லை. சார்ஜர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி முடிந்துவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. பேட்டரி நிறைந்ததா என்பதைச் சொல்ல தண்ணீர் ஊற்றும் பேட்டரியில், சார்ஜ் ஏற ஏறக் கூடும் அமில அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிஞ்சிய கருவி இல்லை.

பச்சை விளக்கு வந்து, ஜெனரேட்டரை அணைத்து, சிறிது நேரம் ஆறவிட்டு 12 செல்லையும் அளந்தோம். அளவுகள் 1.220-இலிருந்து 1.240 வரை. பேட்டரியின் தரவுத்தாள்படி நிறைந்த நிலை 1.275. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஹைட்ரோமீட்டர் 27 டிகிரிக்கு அளவிட்டது. பேட்டரி அறையில் அமிலம் 18 டிகிரியில் இருந்தது. குளிர்ந்த அமிலம் அடர்த்தி கூடியது போலக் காட்டும். 10 டிகிரிக்குச் சுமார் 0.007 என்று கழிக்க வேண்டும். ஆக உண்மை அளவு 1.214 முதல் 1.234 வரை. ஏறத்தாழ முக்கால் பங்கு சார்ஜ். "புல்" என்று சொன்ன அதே நேரத்தில் கால் பங்கு காலி.

மறுநாள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பார்த்தோம். சார்ஜரின் திரை 28.8 வோல்ட் காட்டியது. அந்த நேரத்தில் மூடிகளைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தேன். அமிலம் அசையாமல் கிடந்தது. பிளேட்டின் ஓரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ், அவ்வளவுதான். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் இருக்கிற லெட் ஆசிட் செல் இப்படி அமைதியாக இருக்கக் கூடாது. நன்றாகப் பொங்க வேண்டும். அந்தக் குமிழ்தான் அடியில் தங்கிய கனமான அமிலத்தைக் கிளறி மேலே கொண்டுவருகிறது. குமிழ் வராத செல்லில் மேலே நீர்த்தது, கீழே கெட்டியானது என்று அடுக்கடுக்காக நிற்கும். ஹைட்ரோமீட்டர் உறிஞ்சுவது மேலடுக்கை மட்டும்தான் என்பதால் அளவு இன்னும் குறைவாகத் தெரியும். அதாவது நாம் பார்த்த குறைவில் ஒரு பகுதி சார்ஜ் குறைவு, ஒரு பகுதி இந்த அடுக்கு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வோல்டேஜ் போதவில்லை.

பேட்டரி என்ன கேட்கிறது

சார்ஜர் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் சார்ஜரில் இருந்து தொடங்குகிறார்கள். எத்தனை ஆம்பியர், எத்தனை கட்டம், என்ன பிராண்டு. நான் சொல்லுவது தலைகீழ்: முதலில் பேட்டரியின் தரவுத்தாளை எடுத்து நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். அப்சார்ப்ஷன் வோல்டேஜ் (கடைசிக் கட்டத்தில் பிடித்துவைத்து நிறைப்பது), ஃப்ளோட் வோல்டேஜ் (நிறைந்த பிறகு அப்படியே வைத்திருப்பது), ஈக்வலைசேஷன் வோல்டேஜ் (எப்போதாவது வேண்டுமென்றே மிகையாக ஏற்றி எல்லா செல்லையும் சமமாக்குவது), டிகிரிக்கு எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற திருத்தம். எல்லாவற்றையும் ஒரு செல்லுக்கு என்று மாற்றிக்கொண்டால் 12, 24, 48 குழப்பம் வராது.

இந்தப் பேட்டரிக்கு அந்த எண்கள்: அப்சார்ப்ஷன் செல்லுக்கு 2.47, ஃப்ளோட் 2.25, ஈக்வலைசேஷன் 2.70. எல்லாம் 25 டிகிரியில். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் செல்லுக்கு 5 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். டிகிரி கூடினால் அதே அளவு கழிக்க வேண்டும். 12 செல்லுக்குப் பெருக்கினால் அப்சார்ப்ஷன் 29.6, ஃப்ளோட் 27.0, ஈக்வலைசேஷன் 32.4, திருத்தம் டிகிரிக்கு 60 மில்லிவோல்ட்.

இருந்த சார்ஜர் கொடுத்ததோ 28.8. செல்லுக்கு 2.40. ஒரு வோல்ட்டுக்கும் குறைவான வித்தியாசம்தானே என்று தோன்றும். லெட் ஆசிட் செல் பொங்க ஆரம்பிப்பதே 25 டிகிரியில் 2.40-ஐ ஒட்டித்தான். 2.40-இல் வாசல்படியில் நிற்கிறோம், 2.47-இல் உள்ளே போய்விட்டோம். நடுவில் இருக்கிற அந்த 0.07 வோல்ட்டில்தான் கடைசி 15, 20 சதவீத சார்ஜ் ஏறுவதும் அமிலம் கலப்பதும் நடக்கிறது.

இப்போது வெப்பநிலையைச் சேருங்கள். பேட்டரி அறை மழைக்காலத்தில் 18 டிகிரி. 25-க்கு 7 டிகிரி கீழே. 7 பெருக்கல் 0.06 என்றால் 0.42 வோல்ட். அன்று பேட்டரி கேட்டது 30.06 வோல்ட், கிடைத்தது 28.8. ஒன்றே கால் வோல்ட் பள்ளம். கணக்கைத் திருப்பிப் போட்டால் சுவாரஸ்யமாக ஒன்று வரும்: 28.8 வோல்ட் இந்தப் பேட்டரிக்குச் சரியாகப் பொருந்துவது பேட்டரி 39 டிகிரியில் இருக்கும்போது. கோடையில் ஒன்றும் தெரியாமல் ஓடியதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. சூடான பேட்டரிக்குக் குறைந்த வோல்டேஜே போதுமாக இருந்தது, அதோடு தினமும் சோலார் கன்ட்ரோலர் தன் பங்குக்கு 29.6 வரை ஏற்றிவிட்டது. சார்ஜரின் குறை வெளியே தெரியவே இல்லை.

நேரம் இன்னொரு குறை. பழைய சார்ஜர் 28.8-ஐத் தொட்டதும் ஒரு மணி நேரம் பிடித்துவைக்கும், பிறகு ஃப்ளோட்டுக்கு இறங்கிப் பச்சை விளக்கு காட்டும். பேட்டரி இன்னும் எவ்வளவு வாங்குகிறது என்று பார்ப்பதே இல்லை. பச்சை விளக்கு வந்த கணத்தில், வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரிக்குள் 12 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. 400 ஏஎச் பேட்டரி நிறைந்துவிட்டது என்றால் அப்சார்ப்ஷன் வோல்டேஜில் அது 8 ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவாக, அதாவது கொள்ளளவில் 1, 2 சதவீதம்தான் வாங்க வேண்டும். அதுவும் குறைந்த வோல்டேஜிலேயே 12 வாங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுத்த மாதிரி.

வயரில் போன அரை வோல்ட்

சார்ஜர் காட்டும் வோல்டேஜ் சார்ஜருக்குள் அளந்தது. பேட்டரி பார்ப்பது வேறு. முழு 30 ஆம்பியர் ஓடும்போது சார்ஜர் முனையில் 28.80, பேட்டரி முனையில் 28.15. நடுவில் 0.65 வோல்ட் காணவில்லை. சார்ஜருக்கும் பேட்டரிக்கும் இடையில் 5 மீட்டர். போக வர 10 மீட்டர், 10 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர். அதன் தடை 0.0175 ஓம் அளவில் வரும். 30 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். மிச்சம் 0.12 வோல்ட்டைத் தேடியதில் ஃப்யூஸ் ஹோல்டர் கைக்குச் சுட்டது. திருகு தளர்ந்து, முனை கறுத்திருந்தது. தேய்த்து இறுக்கியதும் அது சரியானது.

இந்த இழப்பை மிகைப்படுத்தவும் கூடாது. கரண்ட் குறையக் குறைய இழப்பும் குறையும். 8 ஆம்பியருக்கு இறங்கும்போது வயரில் 0.14 வோல்ட்தான் போகிறது. ஆகவே வயர் பேட்டரியை நிறையவிடாமல் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது: சார்ஜர் இலக்கு வந்துவிட்டதாக எண்ணிச் சீக்கிரமே கரண்டைக் குறைக்கத் தொடங்கிவிடும். ஜெனரேட்டர் மணிக்கணக்கில் பெட்ரோல் குடிக்கும் இடத்தில் தாமதமும் செலவுதான். அத்தோடு நேரக் கெடு வைத்த சார்ஜராக இருந்தால் அந்தத் தாமதமே குறைச் சார்ஜாக முடிகிறது. வயரைத் தடிமனாக்கலாம், சார்ஜரைப் பக்கத்தில் கொண்டுவரலாம், அல்லது பேட்டரி முனையில் இருந்து தனியாக இரண்டு மெல்லிய வயர் எடுத்து வோல்டேஜை நேரில் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி உள்ள சார்ஜர் வாங்கலாம். இங்கே சார்ஜரை நகர்த்துவது எளிதாக இருந்தது. ஆனால் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டக் கூடாது. ஆசிட் ஆவியும் ஹைட்ரஜனும் மேலேதான் போகும்.

இன்னொரு சின்ன விஷயம். இந்த மாதிரி வேலைக்கு மல்டிமீட்டரை நம்பும் முன் அதையும் சந்தேகப்பட வேண்டும். அரை சதவீதத் துல்லியம் என்று போட்ட மீட்டர் 30 வோல்ட்டில் 0.15 வோல்ட் இப்படியும் அப்படியும் காட்டலாம். இரண்டு மீட்டரை ஒரே பேட்டரியில் வைத்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

வெயிலும் ஜெனரேட்டரும் ஒன்றாக ஓடினால்

வீட்டுக்காரர் சொன்னதில் ஒன்று முதலில் புரியவில்லை. சில நாள் மதியத்தில் மேகம் விலகும் நேரமாகப் பார்த்து ஜெனரேட்டரைப் போட்டால் சார்ஜர் ஒரு மணி நேரத்திலேயே பச்சை காட்டிவிடுமாம். "ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் ஏறிடும்னு நினைச்சேன்" என்றார். நியாயமான எண்ணம்தான். நடப்பது வேறு. சோலார் கன்ட்ரோலரின் இலக்கு 29.6, அதற்கு வெப்பநிலை உணரியும் உண்டு என்பதால் குளிரில் 30 வரை போகும். சார்ஜரின் இலக்கு 28.8. வெயில் அடித்துப் பேட்டரி 29-ஐத் தாண்டியதும், சார்ஜர் தன் முனையில் 28.8-க்கு மேல் பார்க்கிறது, இங்கே வேலை முடிந்தது என்று கரண்டை நிறுத்திவிடுகிறது. ஒரு மணி நேரக் கெடு முடிந்ததும் ஃப்ளோட். மறுபடி மேகம் மூடினாலும் அது திரும்ப வருவதில்லை. ஜெனரேட்டர் வெறுமனே உறுமிக்கொண்டிருக்கிறது. ஒரே பேட்டரியில் இரண்டு சார்ஜர் மாட்டினால் இரண்டின் எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

உடனடிப் பரிகாரம் ஒன்று அன்றே செய்தோம். பழைய சார்ஜரில் மூன்று நிலைத் தெரிவு இருந்தது: ஜெல், ஏஜிஎம் (இரண்டும் சீல் செய்த லெட் ஆசிட் வகைகள்), சாதாரணம். சாதாரணத்துக்கு 28.8. கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் ஏஜிஎம்முக்கு 29.4 என்று இருந்தது. தண்ணீர் ஊற்றும் பேட்டரியை ஏஜிஎம் நிலையில் வைப்பதா என்று வீட்டுக்காரர் தயங்கினார். பெயர் சார்ஜர் செய்தவர் வைத்தது. பேட்டரிக்கு எண் மட்டுமே தெரியும். தெரிவை மாற்றியதும் குமிழ் கூடியது. ஒரு மணி நேரக் கெடு மட்டும் அப்படியே இருந்ததால் இது தற்காலிகம்தான், ஆனால் புதிய சார்ஜர் வரும் வரை பேட்டரி மேலும் கெடாமல் இருக்க இது போதும்.

இந்தப் பெயர் விவகாரம் கடைகளில் இருக்கிற எல்லா சார்ஜருக்கும் பொருந்தும். 12 வோல்ட் சார்ஜர்களில் ஒருவர் "திறந்த லெட் ஆசிட்" என்று 14.4 வைத்திருப்பார், இன்னொருவர் அதே பெயருக்கு 14.8 வைத்திருப்பார். "கால்சியம்" என்ற நிலைக்குச் சில சார்ஜர்களில் 15.1 வரை போகும். ஆழ இறக்கும் பேட்டரி வைத்திருப்பவருக்கு, குறிப்பாகக் குளிர் இடத்தில், தன் பேட்டரியின் பெயர் போட்ட நிலையைவிட அந்தக் கால்சியம் நிலை நெருக்கமாக இருக்கலாம். பெட்டிமேல் அச்சடித்ததை விட்டுவிட்டுக் கையேட்டின் அட்டவணையைத் தேடுங்கள். அட்டவணையே இல்லாத சார்ஜர் என்றால் வாங்காதீர்கள்.

தேடலில் வந்ததும் போனதும்

கார் பேட்டரிக்கான ஸ்மார்ட் சார்ஜர்கள் முதலிலேயே கழிந்தன. பெரும்பாலும் 12 வோல்ட், கரண்ட் குறைவு, எண்கள் மாற்ற முடியாதவை. "புத்துயிர்" நிலை என்று 15.8 வோல்ட் அருகே போகிறவை உண்டு, ஆனால் மிகச் சிறிய கரண்டில். 400 ஏஎச் செட்டுக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி.

அடுத்து, 24 வோல்ட் பவர் சப்ளை ஒன்றை வாங்கித் திருகைத் திருகி வோல்டேஜ் ஏற்றிக்கொள்ளலாமே என்ற யோசனை. மலிவாகவும் இருக்கும், பலர் செய்கிறார்கள். இரண்டு தடைகள். 24 வோல்ட் என்று வரும் சப்ளைகளின் திருகு பெரும்பாலும் 28 வோல்ட்டைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும். இரண்டாவது, காலியான பேட்டரியை மாட்டினால் அது கேட்கும் கரண்டுக்குப் பல சப்ளைகள் கரண்டை அளவோடு நிறுத்திக் கொடுப்பதற்குப் பதிலாக, மிகைச் சுமை என்று அணைந்து அணைந்து எரியும். நிலையான கரண்டில் நிற்கும் வகைதான் பேட்டரிக்கு ஆகும். அது இருந்தாலும் வெப்பநிலைத் திருத்தமும் ஃப்ளோட்டுக்கு இறங்குவதும் அதில் கிடையாது. ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

48 வோல்ட் செட் வைத்திருப்பவர்கள் தொலைத்தொடர்பு நிலையங்களில் ஏசியை டிசியாக்கும் டெலிகாம் ரெக்டிஃபையர்களைப் பழைய பொருள் விலையில் பிடிப்பதுண்டு. உழைப்பில் குறை சொல்ல முடியாத பொருள். ஆனால் அவற்றின் மேல் எல்லை பொதுவாக 58 வோல்ட் அருகே. 24 செல்லுக்கு வகுத்தால் 2.42. நாம் எதைச் சரிசெய்யக் கிளம்பினோமோ அதே இடத்தில் வந்து நிற்கும். சீல் செய்த பேட்டரியை ஃப்ளோட்டில் வைத்திருக்கவென்றே செய்தவை அவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் 16 செல்லுக்கு மாறினால் அதே 58 வோல்ட் தாராளம் என்பது வேறு கதை.

ஜெனரேட்டரின் வெளியீட்டை டிசியாக்கிச் சோலார் கன்ட்ரோலரின் பேனல் முனைக்குள் விடுவது இன்னொரு குறுக்குவழி. எண்கள் எல்லாம் ஏற்கெனவே கன்ட்ரோலரில் சரியாக இருக்கின்றன என்பதால் ஆசை காட்டும். எம்பிபிடி கன்ட்ரோலர் அதிகபட்ச பவரைத் தேடி இழுத்துக்கொண்டே போகும். பேனல் அதற்கு இசையும், பவர் சப்ளை இசையாது. கன்ட்ரோலர் செய்தவரின் அனுமதி இல்லாமல் இதில் இறங்க நான் சம்மதிப்பதில்லை.

இன்வர்ட்டரும் சார்ஜரும் ஒன்றாக உள்ள பெட்டி வாங்குவது பெரும்பாலான புது அமைப்புகளுக்குச் சரியான பதில். எண்களை மாற்றலாம், வெப்பநிலை உணரி வரும், ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டுச் சுமை நேராக ஜெனரேட்டரில் இருந்தே போய்விடும். இங்கே நல்ல இன்வர்ட்டர் ஏற்கெனவே இருந்ததால் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

மிஞ்சியது, எண்களைப் பயனரே அமைத்துக்கொள்ளும் தனிச் சார்ஜர். இதற்குள்ளும் ஏமாற்றம் உண்டு. "அமைத்துக்கொள்ளலாம்" என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் எட்டு நிலைகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்பதுதான் அதன் பொருள். வாங்கும் முன் நான் கையேட்டில் தேடியவை இவை: அப்சார்ப்ஷனை 0.1 வோல்ட் படியிலாவது மாற்ற முடிகிறதா, எதுவரை? அப்சார்ப்ஷன் நேரத்தை அமைக்க முடிகிறதா, முடிவு கடிகாரத்தாலா, கரண்டாலா? ஈக்வலைசேஷன் தனியாக, நாம் கேட்டால் மட்டும் நடக்கிறதா, தானாகவே தொடங்கிவிடுகிறதா? உணரி பேட்டரியில் ஒட்டுவதா, சார்ஜருக்குள் இருப்பதா? உள்ளே இருக்கிற உணரி சார்ஜரின் சூட்டைப் பேட்டரியின் சூடு என்று எண்ணி வோல்டேஜைக் குறைத்துவிடும். அது இல்லாததைவிட மோசம். கரண்ட் போய் வந்தால் அமைப்புகள் மறந்துபோகின்றனவா? ஜெனரேட்டரில் ஓடும் சார்ஜர் தினமும் அணைந்து எழும் என்பதால் இந்தக் கேள்வியை விடக் கூடாது.

ஜெனரேட்டர் தாங்குமா என்பதையும் இதே கட்டத்தில் பார்க்க வேண்டும். இந்தப் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு என்று 40 ஆம்பியர் நல்ல அளவு. 29.6 வோல்ட்டில் 40 ஆம்பியர் என்றால் 1184 வாட். 90 சதவீதத் திறன் என்று வைத்தால் உள்ளே 1316 வாட். பவர் ஃபேக்டர் (இழுக்கும் விஏ-வில் நிஜமான வாட்டின் பங்கு) திருத்தம் உள்ள சார்ஜர் இதை ஏறத்தாழ 1340 விஏ-வாக எடுக்கும். திருத்தம் இல்லாத, 0.65 பவர் ஃபேக்டர் உள்ள சார்ஜர் அதே வேலைக்கு 2020 விஏ கேட்கும். 2 கேவிஏ என்று எழுதிய ஜெனரேட்டர் தொடர்ந்து கொடுப்பது அதற்கும் குறைவு. ஒன்று சுகமாக ஓடும், இன்னொன்று திணறி அணையும். பழைய டிரான்ஸ்பார்மர் வகை சார்ஜர்களில் வேறு வம்பு: அவை ஏசி அலையின் உச்சியில்தான் கரண்ட் எடுக்கும், சின்ன ஜெனரேட்டர் அந்த உச்சியை மழுங்கடித்துவிடும், 30 ஆம்பியர் என்று வாங்கியது பாதிகூடக் கொடுக்காது. சார்ஜரின் ஆம்பியரை மென்பொருளில் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால், ஜெனரேட்டருக்கு ஏற்ப இறக்கிக்கொள்ளலாம். அந்த வசதியையும் கேட்டு வாங்கினோம்.

வைத்த எண்கள்

புதிய சார்ஜரில் அப்சார்ப்ஷன் 29.6, ஃப்ளோட் 27.0, திருத்தம் டிகிரிக்கு மைனஸ் 60 மில்லிவோல்ட், உணரி நடு பேட்டரியின் பக்கச்சுவரில். ஃப்ளோட் இங்கே சும்மா சம்பிரதாயத்துக்குத்தான். ஜெனரேட்டர் வைத்து யாரும் ஃப்ளோட்டில் ஓட்டப்போவதில்லை. அப்சார்ப்ஷன் நேரத்துக்கு அதிகபட்சம் 4 மணி, அல்லது கரண்ட் 8 ஆம்பியருக்கு இறங்கும் வரை. இதில் ஒரு சிக்கல்: சார்ஜர் அளப்பது தான் கொடுக்கும் கரண்டை. அதே நேரத்தில் இன்வர்ட்டர் 10 ஆம்பியர் இழுத்தால் சார்ஜர் எப்போதுமே 8-ஐப் பார்க்காது, கடிகாரம்தான் முடித்துவைக்கும். பேட்டரிக்குள் நிஜமாகப் போவதை அறிய ஷன்ட் (கரண்டை அளக்க வைக்கும் மிகச் சிறிய தடை) வைத்த பேட்டரி மானிட்டர் வேண்டும். அதையும் மாட்டினோம். சோலார் கன்ட்ரோலரிலும் இதே எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

வோல்டேஜை உயர்த்தும் முன் மறுமுனையையும் பார்க்க வேண்டும். குளிர்நாளில் 30 வோல்ட்டுக்கு மேல் போகும் என்றால் இன்வர்ட்டர் அதை ஏற்குமா? இந்த இன்வர்ட்டர் 31-இல் வெட்டிக்கொள்ளும். அன்றாட சார்ஜுக்குச் சரி, ஈக்வலைசேஷனுக்கு ஆகாது. பேட்டரியில் நேராக மாட்டிய டிசி விளக்குகளின் எல்லையையும் பார்த்துக்கொண்டோம்.

ஜெனரேட்டர் ஓட்டும் நேரத்தை மாற்றியதில்தான் பெட்ரோல் மிச்சமானது. சாயங்காலத்தை விட்டு விடிகாலைக்குக் கொண்டுபோனோம். அந்த நேரத்தில் பேட்டரி இறங்கிக் கிடக்கும், கொடுக்கிற 40 ஆம்பியரையும் வாங்கிக்கொள்ளும், ஜெனரேட்டரும் நல்ல சுமையில் ஓடும். அப்சார்ப்ஷன் தொடங்கிக் கரண்ட் குறைய ஆரம்பித்ததும் அணைத்துவிடலாம். மிச்சமிருக்கும் நீண்ட, மெதுவான கடைசிக் கட்டத்துக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். மேகம் மூடிய பகலிலும் பேனல் அதைப் பெரும்பாலும் கொடுத்துவிடும். 1300 வாட் கொடுக்கக்கூடிய இன்ஜினை 300 வாட்டுக்காக மணிக்கணக்கில் ஓட்டுவதைப் போல வீண் வேலை வேறு இல்லை. பேனலே கைவிட்ட வாரத்தில் மட்டும் ஒரு நாள் ஜெனரேட்டரிலேயே கடைசி வரை கொண்டுபோக வேண்டும். விடிகாலைச் சத்தத்தைப் பற்றி வீட்டில் முணுமுணுப்பு இருந்தது, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ஈக்வலைசேஷன். தரவுத்தாள் 32.4 வரை அனுமதித்தாலும் 31.8-இல் வைத்துத் தொடங்கினோம், செல்லுக்கு 2.65. முதலில் சாதாரணமாக நிறைத்துவிட்டு, இன்வர்ட்டரையும் டிசி விளக்குகளையும் பிரேக்கரில் துண்டித்து, அறையின் கதவு ஜன்னலைத் திறந்துவைத்து. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், இந்த நேரத்தில்தான் அது அதிகம் வரும். பிளேட் மூழ்கியிருந்தால் போதும், முன்பே விளிம்பு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் பொங்கி வழியும். நிரப்புவது முடிந்த பிறகு. மணிக்கு ஒரு முறை ஹைட்ரோமீட்டர். அளவு ஏறிக்கொண்டிருக்கும் வரை தொடரலாம், அடுத்தடுத்த அளவுகளில் அசையாமல் நின்றுவிட்டால் நிறுத்த வேண்டும், அமிலம் 50 டிகிரியை நெருங்கினாலும் நிறுத்த வேண்டும். இந்த முறை மூடியைத் திறந்தால் எல்லா செல்லும் பால் மாதிரி வெளுத்துப் பொங்கிக்கொண்டிருந்தன. ஜெல்லுக்கோ லித்தியத்துக்கோ இதைச் செய்தால் பேட்டரி கெட்டுவிடும் என்பதைச் சார்ஜரின் மேலேயே எழுதி ஒட்டினோம், ஏனென்றால் நாளைக்குப் பேட்டரி மாறலாம், சார்ஜர் அங்கேயே இருக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தால் இந்த எண்கள் ஒன்றும் செல்லாது. 8 செல்லுக்கு 28.4 போதும், ஈக்வலைசேஷன் பூஜ்யம், வெப்பநிலைத் திருத்தமும் பூஜ்யம், பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜே கூடாது. வேடிக்கை என்னவென்றால் குறை சொன்ன அந்தப் பழைய 28.8 சார்ஜர், வெப்பநிலைத் திருத்தமும் இல்லாமல், லித்தியத்துக்கு ஏறக்குறையப் பொருந்திப்போகும்.

மழை ஓய்வதற்குள் பத்து செல்கள் 1.265-க்கு மேல் வந்துவிட்டன. ஆறவிட்டு அளந்தால் செட்டின் வோல்டேஜ் 25.3. அமிலத்தின் அடர்த்தியோடு 0.845-ஐக் கூட்டினால் ஒரு செல்லின் ஓய்வு வோல்டேஜ் கிட்டத்தட்ட வந்துவிடும். 12 செல்லுக்குப் பெருக்கிப் பார்த்தால் இரண்டு அளவும் ஒத்துப்போகின்றன. இன்வர்ட்டர் பின்னிரவில் கத்துவது நின்றது. மூன்றாவது பேட்டரியில் இரண்டு செல்கள் மட்டும் 1.245-ஐத் தாண்டவில்லை. நீண்ட நாள் குறைச் சார்ஜில் கிடந்த பிளேட்டில் சல்பேட் கெட்டிப்பட்டிருந்தால் எந்த வோல்டேஜும் அதை முழுதாகக் கரைக்காது. அடுத்த ஈக்வலைசேஷனிலும் அவை அசையாவிட்டால் அந்த ஒரு பேட்டரியை மட்டும் மாற்றுவதா என்ற கேள்வி வரும். செட் இன்னும் இளசாக இருக்கும்போது மாற்றினால் புதியது மற்ற மூன்றோடு ஒத்துப்போக வாய்ப்பு உண்டு. இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் பழைய மூன்றும் புதியதைத் தங்கள் நிலைக்கு இழுத்துவிடும், அப்போது நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் இப்போதைக்கு அந்த இரண்டு செல்லின் அளவை மட்டும் மாதம் ஒரு முறை குறித்துவைக்கிறார்.